கல் கரைப்பான்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வகத்தின் ஆட்டும் இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு ஆடுவதையே நிறுத்திவிட்டது. அதன் மேல் இருந்த குடுவைக்குள் பதினோரு வருடமாகச் சௌக்கியமாக வாழ்ந்து வந்த ஒரு குடும்பம் மூச்சுத் திணற ஆரம்பித்தது.

குடும்பம் என்றால் நுண்ணுயிர்க் குடும்பம். தலைக்கட்டு பல கோடி. வளர்த்தவர் ஒருவர்தான். அந்த உர ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லாரும் 'புளிப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் சட்டை இரண்டு நாளைக்குப் புளித்துக் கிடக்கும். அவர் வளர்த்த நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பாறைத் தூளைக் கரைக்கும். பாறைக்குள் பூட்டிக் கிடக்கிற பாஸ்பரஸ் வெளியே வரும். செடிக்கு வேண்டியது அதுதான். பாறையாக இருக்கிறவரை செடி அதைச் சீண்டாது. பல் செட்டைக் கழற்றி வைத்தவர் முன்னால் கரும்பை நீட்டிய மாதிரி பார்த்துக்கொண்டே நிற்கும்.

"மோட்டார் கருகிடுச்சு. புதுசு வர பதினைஞ்சு நாள் ஆகும்" என்றார் ஆய்வக எலெக்ட்ரீஷியன்.

புளிப்பு இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு வருதுய்யா" என்றார் இயக்குநர், காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல். "அவங்க கண்ணு முன்னால கல்லு கரையணும். கரையலேன்னா உன் பிரிவைக் கரைச்சுடுவாங்க. உனக்கு மூட்டை எடை போடற இடத்துல ஒரு ஸ்டூல் காலியா இருக்காம். நான் இப்பவே சொல்லிட்டேன்."

"ஆட்டலேன்னா காத்து கிடைக்காம செத்துடும் சார். மாத்துக் குடுவையும் இல்லை."

"மாத்து என்ன ஆச்சு?"

"குளிர்பெட்டியில வெச்சிருந்தேன். பால் கெட்டுப் போச்சுன்னு யாரோ கொட்டிட்டாங்க."

இயக்குநர் சட்டென்று காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டார். கொட்டினது யார் என்று புளிப்புக்கு அப்போது புரிந்தது.

எது எப்படியோ, ஆட்ட வேண்டும். ஓயாமல் ஆடுகிற பொருள் எது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவருக்கு, வாசலிலேயே விடை கேட்டது. உள்ளே மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாஷிங் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. சுற்ற ஆரம்பித்தால் குளியலறையிலிருந்து கிளம்பிச் சமையலறை வாசல்வரை நடந்து வந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும்.

புளிப்பு அதைப் பார்த்தார். பதினோரு வருடம் குடித்தனம் செய்த மெஷினை அன்றைக்குத்தான் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

மாலைக்குள் குடும்பம் இரண்டு லிட்டர் பழுப்பு நிற பாட்டிலுக்குள் குடிபெயர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அவற்றின் விஞ்ஞானப் பெயர் பாட்டிலை இரண்டு சுற்றுச் சுற்றும் நீளம். வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. ஆகவே ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்:

'கல் கரைப்பான். காலை, மாலை இருவேளையும் சர்க்கரை ஒரு ஸ்பூன். நன்றாகக் குலுக்கவும்.'

எழுதியதைத் தள்ளி நின்று படித்துப் பார்த்தார். ஒரு குழப்பமும் வராது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

"இந்த மெஷின் மேலயா வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. "நாளைக்கு மெக்கானிக் வராரு. ஆட்டத்தைச் சரி பண்ணச் சொல்லியிருக்கேன்."

புளிப்பு பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் போகட்டுமே."

"ஆறு மாசமா போயிட்டுத்தான் இருக்கு. சமையலறைக்கும் குளியலறைக்கும்."

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். அந்தத் தெருவிலேயே நாணயமான ஆள் என்று பெயர் வாங்கியவர். ஒருமுறை அவர் சட்டைப் பையில் தவறுதலாக வந்துவிட்ட திருகாணி ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காக மழையில் இரண்டு பஸ் மாறிப் போனவர்.

புளிப்பு அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "ஒரு உதவி. ஆட்டத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

மெக்கானிக் இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை. ஆனால் நாணயமானவர்கள் பிறர் குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டார்கள். "சரிங்க சார். ஆனா தண்ணி ஏறற குழாய் முழுக்கக் கல்லு கட்டியிருக்கு. அதைக் கரைச்சு விட்டாகணும். என்கிட்ட மருந்து இருக்கு, பத்து நிமிஷ வேலை." கையில் இருந்த வெள்ளை கேனைத் தட்டிக் காட்டினார்.

"அதைத் தாராளமா பண்ணுங்க" என்றார் புளிப்பு. பாட்டிலைப் பத்திரமாக ஜன்னல் மேடையில் தூக்கி வைத்தார். அதற்குள் இயக்குநரிடமிருந்து போன் வந்தது. குழுவின் முன்னால் பேசுவதற்கு ஒத்திகை பார்க்க வேண்டுமாம், உடனே கிளம்பி வர வேண்டுமாம். கிளம்பிப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது மெஷின் புதுத் தெம்போடு ஆடிக்கொண்டிருந்தது. மனைவியின் முகத்தில்தான் தெம்பு இல்லை.

"ஆட்டம் நிக்காதாம். அது மெஷினோட சுபாவமாம்" என்றாள். "எந்த மெக்கானிக்காவது சுபாவம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

புளிப்பு தன் பழைய பெல்ட்டால் பாட்டிலை மெஷின் மேல் கட்டி வைத்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். மூடியைத் திறந்தபோது வாடை கொஞ்சம் மாறியிருந்த மாதிரி தோன்றியது. அந்தப் பழைய முடை நாற்றம் இல்லை, புளித்த வாடை மட்டும் இருந்தது. புது இடம், புதுக் காற்று, கொஞ்சம் நாகரிகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மாமனார். சிறுநீரகத்தில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். முடி வெட்டிக்கொள்ளப் போனாலே கத்தரிக்கோலின் சத்தத்துக்கு மயங்கி விழுகிற மனிதர். அவர் குளியலறைக்குப் போகிற வழியில்தான் மெஷின். மெஷின் மேல்தான் பாட்டில்.

திங்கட்கிழமை பாட்டில் கழுத்துக்குக் கீழே இறங்கியது. செவ்வாய்க்கிழமை தோளுக்குக் கீழே. ஆட்டத்தில் ஆவியாகியிருக்கும் என்று புளிப்பு கொஞ்சம் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிச் சமன் செய்தார். புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாமனார் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் குலுகுலுவென்று குலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டம்ளரில் ஊற்றினார். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். கலக்கினார். அண்ணாந்து குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.

புளிப்பு வாயிலிருந்த பற்பசையை விழுங்கிவிட்டார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"நீங்க எழுதி வெச்ச மாதிரிதான் மாப்பிள்ளை. இருவேளை. நல்லா குலுக்கி." மாமனாரின் கண் கலங்கியது. "வாயைத் திறந்து சொல்லாட்டியும் எனக்காகத்தானே செஞ்சு கொண்டு வந்திருக்கீங்க. இத்தனை வருஷமா நீங்க என்ன வேலை பார்க்கறீங்கன்னே எனக்குப் புரிஞ்சதில்லை. இப்பதான் புரியுது."

"அது பாறைக்கு மாமா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு, பாறாங்கல்லு மாதிரி. ருசிகூட நல்லாத்தான் இருக்கு, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. குடிச்சா தாகம் எடுக்குது, மூணு சொம்பு தண்ணி குடிக்கிறேன்."

"உயிர் இருக்கு மாமா அதுல."

"அதான் எனக்கும் உயிர் வந்துடுச்சு."

அந்த நுண்ணுயிர் மனிதரை ஒன்றும் செய்யாது என்று புளிப்புக்குத் தெரியும். ஆனால் மனிதர் நுண்ணுயிரை என்ன செய்வார் என்பதுதான் இப்போது கவலை. நாளைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. பாட்டிலில் பாதிதான் மிச்சம். இந்த வேகத்தில் போனால் குழு வரும்போது மாமனாரைத்தான் மேஜை மேல் ஏற்றி வைக்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும்" என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. கத்திக்குப் பயந்துட்டு இப்படிப் பண்றேன்னு திட்டுவா."

புளிப்பு சத்தியம் செய்தார். அது முதல் தப்பு. இரண்டாவது தப்பை யோசித்துச் செய்தார். மாமனார் தொடாமல் இருக்க வேண்டும். நேரே சொன்னால் கேட்கிறவர் இல்லை. எனவே பழைய சீட்டுக்கு மேலே புதுச் சீட்டு ஒன்றை ஒட்டினார். ஒரே ஒரு வார்த்தை. 'விஷம்.' பக்கத்தில் ஒரு மண்டை ஓட்டையும் வரைந்தார். படம் வரைவதில் அவருக்குச் சுமாரான பழக்கம்தான். மண்டை ஓடு கொஞ்சம் மாமனார் சாயலில் வந்துவிட்டது.

ஒட்டிவிட்டு நிம்மதியாக ஆய்வகத்துக்குப் போனார். அன்று மாலை நான்கு மணிக்கு மனைவியின் போன்.

"என்னங்க, அப்பா மெஷினைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரு. 'மாப்பிள்ளை மேல எனக்கு வருத்தமே இல்லை, நல்லா இருக்கட்டும்'னு திருப்பித் திருப்பிச் சொல்றாரு. பாட்டில்ல விஷம்னு எழுதியிருக்கு. நாலு நாளா அதைத்தான் குடிச்சாராம். நீங்கதான் கொடுத்தீங்களாம்."

"நான் கொடுக்கல. அவரா குடிச்சாரு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

இந்த இடத்தில் போனை வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். புளிப்பு விளக்கம் சொல்ல முயன்றார்.

ஆஸ்பத்திரியில் மாமனாரை மூன்று விதமாகப் படம் எடுத்தார்கள். மெஷினும் கூடவே வந்திருந்தால் அதையும் எடுத்திருப்பார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கல்லைக் காணோமே" என்றார்.

"கரைஞ்சுடுச்சு" என்றார் மாமனார், படுத்திருந்தபடியே.

"கரையலீங்க. சின்னக் கல்லு, தண்ணியோட வெளிய போயிருக்கு. நிறைய தண்ணி குடிச்சீங்களா?"

"மூணு சொம்பு. இருவேளை. மாப்பிள்ளை மருந்துக்கு மேல."

டாக்டர் புளிப்பைப் பார்த்தார். மனைவி புளிப்பைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்த அதே கண்கள்தான்.

"காலையில என்ன டிபன் பண்ணட்டும்?" என்றாள். அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. குழுவில் நான்கு பேர். நால்வரும் ஏற்கெனவே மூன்று பிரிவுகளை மூடிவிட்டு வந்த களைப்பில் இருந்தார்கள். புளிப்பு ஒரு கண்ணாடித் தட்டில் பாறைத் தூளைக் கொட்டினார். உண்மை என்னவென்றால் அந்த நுண்ணுயிர்கள் பாறையைக் கரைக்க ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு ஊற்றி வைத்து, முன்பு ஒருமுறை ஐந்தாம் நாள் எடுத்த பழைய படங்களைக் காட்டிச் சமாளிப்பதாகத்தான் திட்டம். அதுவும் உள்ளே யாராவது உயிரோடு மிச்சம் இருந்தால்.

"ஐயா, இது மெதுவாத்தான்..." என்று ஆரம்பித்துக்கொண்டே பாட்டிலைச் சாய்த்தார்.

திரவம் தெளிவாக விழுந்தது. விழுந்த இடம் சுர்ர் என்றது. தூள் நுரைத்துப் பொங்கி, தட்டின் விளிம்பைத் தாண்டி, முன்வரிசையில் இருந்தவரின் கண்ணாடியில் தெறித்தது. நுரை அடங்கியபோது தூளில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

புளிப்புக்குப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. ஆனால் கைதட்டல் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அஞ்சு நாள் வேலை மூணு நிமிஷத்துல" என்றார் இயக்குநர், அமிலத்தைத் தானே கக்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்தி. "எப்படிய்யா?"

"தெரியல சார்."

"அடக்கத்தைப் பாருங்க. என்ன புதுசா பண்ணினே, சொல்லு."

புளிப்பு யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "வாஷிங் மெஷின் மேல வெச்சேன் சார்."

குழுத் தலைவர் அந்த வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டார். பிரிவு மூடப்படவில்லை. பெரிதாக்கப்பட்டது. கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். மிச்சம் இருந்த பாட்டிலை 'விஷம்' சீட்டைக் கிழித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஆய்வகத்துக்குப் பத்து வாஷிங் மெஷின் வாங்க உத்தரவு ஆனது. ஒவ்வொன்றிலும் ஒரு கால் குட்டையாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் புளிப்பு பட்ட பாடு வெளியே தெரியாது. பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக எடுத்து வளர்க்கிற தட்டுகளில் தடவினார். சர்க்கரை கொடுத்தார். இளஞ்சூட்டில் வைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. நாற்பது தட்டிலும் வெறுமை. நாற்பத்தொன்றாவது தட்டில் ஏதோ முளைத்தது. பார்த்தால் அவருடைய விரல் ரேகையில் இருந்த வேறு ஏதோ.

குடும்பம் செத்துப் போயிருந்தது. கோடிக்கணக்கான பேர், ஒருவர் மிச்சமில்லை. சரியாக ஆறாத தண்ணீரை ஊற்றி நானே கொன்றுவிட்டேனா, மாமனார் வயிற்றில் போய்விட்டதா, எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. பதினோரு வருடம் பண்டிகை, விடுமுறை பாராமல் சர்க்கரை போட்ட கை. அந்தக் கை காலையும் மாலையும் என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை மேல் சும்மா கிடந்தது.

வீட்டில் மட்டும் எல்லாம் நன்றாக இருந்தது. மாமனார் ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. மனைவி குளியலறைக்குப் பின்னால் வைத்திருந்த நான்கு தக்காளிச் செடிகளைப் பற்றிய பெருமையில் இருந்தாள். அந்தச் செடிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. போன வருடம் புளிப்பு ஆய்வகத்தில் மிஞ்சிய பாறைத் தூள் இரண்டு மூட்டையைக் கொண்டு வந்து அங்கே கொட்டிக் கொத்திவிட்டார். செடிகள் அதைச் சட்டை செய்யாமல் இலையெல்லாம் ஊதா நிறமாகி, காய்க்காமல் நின்றன. 'நீங்க போட்ட கல்லு, கல்லாவேதான் இருக்கு' என்று மனைவி போன மாதம்வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது என்னவோ இலை கரும்பச்சையாகி, ஒவ்வொரு செடியும் கூடை கூடையாகக் காய்த்தது.

"என்ன போட்டே?" என்று கேட்டார் புளிப்பு.

"ஒண்ணும் போடல. மெஷின் அழுக்குத் தண்ணி எப்பவும் அந்தப் பக்கம்தானே போகுது. தினம் நாலு வார்த்தை பேசறேன். நீங்க உங்க கிருமிகிட்ட பேசறீங்களே, அந்த மாதிரி."

பேசுவதற்கு அவரிடம் கிருமி இல்லையே.

அன்றைக்குப் பத்து மெஷின்களும் ஆய்வகத்தில் வந்து இறங்குகிற நாள். புளிப்பு சட்டைப் பையில் ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டார். எல்லாம் செத்துவிட்டது, அந்த வெள்ளிக்கிழமை கரைத்தது எது என்று எனக்கே தெரியாது, மூட்டை எடை போடுகிற ஸ்டூல் இன்னும் காலியாக இருந்தால் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று நான்கு வரி. மனைவி இயக்குநருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை தக்காளியும் கொடுத்தனுப்பினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இயக்குநர் தக்காளியைத்தான் முதலில் வாங்கினார். துடைக்காமலேயே ஒன்றைக் கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. அவர் கண் மூடிக்கொண்டது.

"என்னய்யா இது, தக்காளியா, வேற ஏதாவதா? என்ன உரம்?"

"உரமே போடல சார். வெறும் கல்லுதான் கிடக்கு" என்றார் புளிப்பு. கடிதத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "சார், ஒரு விஷயம். அந்த பாட்டில்..."

"இருய்யா. மெஷின் மாட்ட ஆள் வந்திருக்கு. உங்க தெருக்காரர்தானாம். நாணயமானவர்னு சொன்னாங்க." இயக்குநர் இரண்டாவது தக்காளிக்குப் போனார்.

உள்ளே வந்தது அந்த மெக்கானிக்தான். புளிப்புக்கு வணக்கம் வைத்தார். பத்து மெஷினையும் பார்த்தார். பத்துக்கும் ஒரு கால் குட்டையாக இருப்பதைப் பார்த்தார். நாணயமானவர் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுக்கத் திரும்பியவரின் கண், விளக்குப் போட்டுப் பூட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியில் பட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து சீட்டைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இன்னும் வெச்சிருக்கீங்களா சார்? அன்னிக்கு மெஷின் குழாய்க்கு உங்க வீட்டுல கல் கரைப்பான்னு எழுதி ரெடியா வெச்சிருந்ததைத்தான் ஊத்தினேன், வீட்டுப் பொருளை எடுத்துட்டுச் சும்மா போகக் கூடாதேன்னு என் கேன்ல இருந்த எலுமிச்சை உப்புத் தண்ணியை இதுல நிரப்பி வெச்சேன். உங்களோடது ஒரு சொட்டு விடாம அன்னிக்கே தக்காளிக்குப் போயிடுச்சு."